பிள்ளைத்தாய்ச்சி ராணி வந்திறங்கிய கரை

முதல் நாள், வியாசர்பாடி

காரைக்குடியில் ராத்திரி ரயில் ஏறி, விடியும்போது எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து பி.வி. காலனிக்கு வந்து சேர்ந்தேன். பெரியம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதில் இன்னும் குனிந்தே புள்ளி வைக்கிறார். நிமிர்ந்து பார்த்ததும், "வாடி கண்ணு, பல்லு விளக்கிட்டு வா. மொய்ங்கா கொதிக்குது" என்றார்.

மீனை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து, வாழைத்தண்டும் வெங்காயமும் போட்டு, மாவு வறுத்துக் கரைத்துக் கொதிக்கவிட்ட குழம்பு. அதை அரிசி சேமியா மேல் ஊற்றி, பொரித்த பூண்டைத் தூவிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் இட்லி கிடையாது, இதுதான். பெரியம்மா பிறந்தது ரங்கூனில். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கி, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தாவின் அரிசிக் கடை ஒரே மாதத்தில் இல்லாமல் போனது. அடுத்த வருஷம் பதினைந்து வயதுப் பெண்ணாகப் பெரியம்மா மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்.

ஐந்து நாள் இங்கே தங்கப் போகிறேன். ஒரு ராணிக்காக வந்திருக்கிறேன்.

பர்மாவின் கடைசி ராணி சுபயாலத்தைப் பற்றி இரண்டு வருஷமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தீபோ மன்னனின் மனைவி. பர்மாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களிடம் அவள் பெயரைச் சொன்னால் உடனே ஒரு முகச்சுளிப்பு வரும். "எண்பது பேரைக் கொன்னவ", "புருஷனை முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தவ", "நாட்டையே தோத்தவ". வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அவள் பெயர் வாயில் நுழையாமல் "சூப் பிளேட்" என்று வைத்தார்கள். ஒரு நாட்டின் ராணியை எச்சில் தட்டின் பெயரால் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்றைக்குத்தான் இந்த நாவலை எழுதியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

மாண்டலே அரண்மனை பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நாட்டைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அவர்களை நாடுகடத்தி வைத்திருந்த மேற்குக் கடற்கரை ஊர் ரத்னகிரியில் கழிந்த முப்பது வருஷம் பற்றியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நாலு மாதம் அவள் இந்த ஊரில் இருந்தாள். 1885 டிசம்பர் நடுவில் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த டிசம்பரில்தான் அவளுக்கு 26 வயது முடிந்தது. இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் கூட இருந்தார்கள். வயிற்றில் மூன்றாவது, ஆறு மாதம். அந்தக் குழந்தை 1886 மார்ச்சில் மெட்ராஸில் பிறந்தது. ஆமாம், பர்மா இளவரசி ஒருத்தி நம்ம ஊர்ப் பிள்ளை.

அதே டிசம்பரில், அதே கடல் காற்றில் நின்று பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறேன். நாளைக்குக் கடற்கரை.

இரண்டாம் நாள், ராஜாஜி சாலை

ராஜாஜி சாலையில் நின்றால் கடல் தெரியாது. எனக்கு இது தெரியும், ஆனாலும் போய் நின்றபோது மனசு கஷ்டப்பட்டது. ஒரு பக்கம் பீச் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் துறைமுகச் சுவர், அதற்குப் பின்னால் கன்டெய்னர் அடுக்குகள், கிரேன்கள். கடல் இருக்கும் திசையிலிருந்து காற்று மட்டும் உப்போடு வருகிறது.

1885இல் இந்தச் சாலைக்குப் பெயரே வடக்குக் கடற்கரைச் சாலை. அலை கிட்டத்தில் அடித்த இடம். துறைமுகம் கட்ட 1870களில் ஆரம்பித்த வேலையை 1881 நவம்பர் புயல் அடித்து நொறுக்கிவிட்டது. அதைத் திரும்பக் கட்டி முடிக்க இன்னும் பல வருஷம் பிடித்தது. ஆக, அவள் வந்தபோது இருந்தது அரைகுறைத் துறைமுகம். மெட்ராஸ் அலைக்குப் பயந்து பெரிய கப்பல்கள் தள்ளியே நங்கூரம் போடும் வழக்கம் அந்தக் காலத்தில் உண்டு. மசூலா படகுகள் போய் ஆட்களை ஏற்றி வரும். ஆணி அடிக்காமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். இந்தக் கரைக்காரர்களின் கைவேலை அது.

என் நாவலில் அவள் மசூலா படகில்தான் கரைக்கு வருகிறாள். ஆறு மாத வயிற்றோடு, ஒரு கையில் சின்ன மகள், இன்னொரு கை படகின் விளிம்பில். தையலுக்குள் கடல் நீர் கசிகிறது. துடுப்புப் போடுகிறவர்கள் ஒரே குரலில் பாடுகிறார்கள், அவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இந்தப் பயணத்துக்கு முன்னால் அவள் கடலையே பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறேன். மாண்டலே உள்நாட்டு நகரம், ஐராவதி ஆற்றுக் கரை. அரண்மனை மதிலுக்குள்ளேயே வளர்ந்த பெண்.

போர் இரண்டே வாரத்தில் முடிந்துவிட்டது. நவம்பர் 28 மாண்டலேயில் ஆங்கிலப் படை, 29 அன்று ராஜாவையும் ராணியையும் மாட்டு வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், துரியா என்ற நீராவிக் கப்பலில் அடைத்தார்கள். படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பிரெண்டர்காஸ்ட் பிறந்தது மெட்ராஸில். அந்தப் படையில் மெட்ராஸ் ராணுவத்துச் சிப்பாய்கள் நிறைய இருந்தார்கள். அவள் அரண்மனையை வளைத்தவர்களில் நம் தமிழ்ச் சிப்பாயும் உண்டு. இதை நாவலில் மறைக்கப் போவதில்லை.

சாலையோரம் பர்மா பஜார் அதன் போக்கில் இயங்கிக்கொண்டிருக்கிறது. பர்மாவிலிருந்து வந்தவர்கள் பிழைக்க 1969இல் அரசு ஒதுக்கிய கடைகள். இப்போது செல்போன் உறையும் சார்ஜரும் வாட்சும். மாமா ஒருவர் இங்கே கடை வைத்திருந்தார். நான் சின்னப் பெண்ணாக வந்தபோது எனக்கு ஒரு வாசனை ரப்பர் கொடுத்தார், அதை நான் கடைசிவரை அழிக்கப் பயன்படுத்தவில்லை.

சாயங்காலம் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ. வண்டிக்காரர் மஞ்சள் நூடுல்ஸை ஒரு பிடி எடுத்துப் பாத்திரத்தில் போட்டார். கோஸ் துருவல், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த் தூள். மொறுமொறுவென்று பொரித்த பேஜோவை உள்ளங்கையில் நொறுக்கித் தூவினார். அப்புறம் கரண்டியே இல்லாமல் ஐந்து விரலால் அடியிலிருந்து புரட்டிப் புரட்டிப் பிசைந்தார். மொத்தமும் ஒரு நிமிஷம்தான். கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். "காரம் போதுமாக்கா?" என்று கேட்டார். போதும் என்று சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மூன்றாம் நாள், வால்டாக்ஸ் சாலை

மழை. காலை முழுக்க வீட்டில் இருந்து எழுதினேன். மதியம் மழை விட்டதும் தங்கச்சி வண்டியில் வால்டாக்ஸ் சாலைக்குக் கூட்டிப்போனாள். மரக்கடைகள் வரிசையாக இருக்கிற சாலை. எனக்கு ஒரே ஒரு துண்டு பர்மா தேக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கடைக்காரர் பொறுமையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பழைய வீடு இடிக்கும்போது வாங்கிய நிலைக்கதவு ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். நூறு வருஷத்துக்கு மேலே ஆன மரமாம். அவர் உளி முனையால் ஓரத்தில் ஒரு இழை சீவினார். மேலே கறுத்து அழுக்கேறிக் கிடந்த கட்டைக்குள்ளே தேன் நிறம். "மோந்து பாருங்கம்மா" என்றார். தோலும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த எண்ணெய் காயவில்லை.

இந்த மரத்துக்காகத்தான் அந்தப் போர் என்று சொன்னால் கொஞ்சம் மிகையாக இருக்கும், ஆனால் சாக்கு இதுதான். பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி மன்னனின் காட்டில் தேக்கு வெட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டி வரியை ஏமாற்றியது என்று மன்னனின் மந்திரி சபை 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. தீபோ பிரெஞ்சுக்காரர்களோடு நெருங்குவதை வேறு ஆங்கிலேயர்கள் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1885 அக்டோபரில் இறுதி எச்சரிக்கை அனுப்பினார்கள். பணிந்து போகலாம் என்றார் மூத்த மந்திரி கின்வுன் மிங்கி. கூடாது, சண்டை போடுவோம் என்றாள் சுபயாலத்.

"இவ வாயாலதான் நாடு போச்சு" என்பது இங்கேதான் ஆரம்பிக்கிறது. எனக்கு இதில் கோபமே வருகிறது. அந்த எச்சரிக்கையை அப்படியே ஏற்றிருந்தால் வெளியுறவு முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போயிருக்கும், சிம்மாசனம் வெறும் நாற்காலியாக மிஞ்சியிருக்கும். பணிந்த எத்தனை சமஸ்தானம் இந்தியாவில் நிஜமான ராஜ்யமாக இருந்தது? இதே வார்த்தையை ஒரு ராஜா சொல்லியிருந்தால் வீரபாண்டியக் கட்டபொம்மன் மாதிரி சிலை வைத்திருப்போம். பெண் சொன்னதால் வாய்த்துடுக்கு ஆகிவிட்டது.

1886 ஜனவரி 1ஆம் தேதி அவள் நாட்டை பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்த்துவிட்டதாக அறிவித்தார்கள். அன்றைக்கு அவள் இந்த ஊரில் இருந்தாள். இனிமேல் அவள் எதற்கும் ராணி கிடையாது என்ற செய்தியை யாரோ ஒருவர் அவளிடம் வந்து சொல்லியிருப்பார். அந்தக் காட்சியை நான் நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. கடைக்காரர் சீவிய இழையைக் கேட்டு வாங்கி நோட்டில் வைத்திருக்கிறேன். ராத்திரி ஐந்தாவது தடவை எழுதினேன்.

நான்காம் நாள், காசிமேடு, திருவொற்றியூர்

விடிகாலை நாலரைக்கே காசிமேடு. இங்கேதான் கடைசியில் கடலைப் பார்த்தேன். விசைப்படகுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்க, தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், கூடை கூடையாகச் சங்கரா, நெத்திலி, வவ்வால், கானாங்கத்தை. ஏலம் போடுகிறவரின் குரல் மட்டும் அலையை மிஞ்சிக் கேட்கிறது.

ஒரு அம்மா முன்னால் சின்னச் சின்ன சுறாக்கள் வரிசையாகக் கிடந்தன. சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, கையால் தடவினால் மணல் தாள் மாதிரி. என்ன விலை என்று கேட்டேன். "பால்சுறா. வீட்டுல யாரு, பிள்ளை பெத்தவளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் வஞ்சிரம் வாங்கிட்டுப் போயேன் என்று பக்கத்துக் கூடையைக் காட்டினார்.

வெயில் ஏறியதும் பஸ் பிடித்துத் திருவொற்றியூர். தியாகராஜர், வடிவுடையம்மன். நான் முக்கியமாகப் பார்க்க வந்தது வட்டப்பாறை அம்மனை. மதுரையை எரித்த கண்ணகி உக்கிரம் தணியாமல் வந்து அமர்ந்த இடம் என்று இங்கே சொல்கிறார்கள். எதிரே ஒரு பாட்டி எலுமிச்சம்பழத்தோடு கண் மூடி நின்றுகொண்டிருந்தார். ஊரை எரித்த கோபத்துக்கு முன்னால் நம் ஆட்கள் இப்படிப் பயபக்தியோடு கை கூப்பி நிற்கிறார்கள். என் ராணியின் கோபத்துக்கு யாரும் இப்படி ஒரு இடம் கொடுக்கவில்லையே என்று தோன்றியது.

ஆனால் நான் இதோடு நிறுத்திக்கொண்டால் அது நேர்மையாக இருக்காது.

எண்பது பேர் கொலையை எடுத்துக்கொள்வோம். 1878 அக்டோபரில் தீபோவின் அப்பா மிண்டோன் மன்னர் இறந்தார். அடுத்த பிப்ரவரியில், சிம்மாசனத்துக்குப் போட்டியாக வரக்கூடிய இளவரசர்கள், இளவரசிகள், குழந்தைகள் என்று சுமார் எண்பது பேரை அரண்மனைக்குள் கொன்றார்கள். சுபயாலத்துக்கு அப்போது வயது 19. தன் அதிகாரம் நிலைக்க பத்தொன்பது வயது தீபோவைத் தேடி உட்காரவைத்து, மகளைக் கட்டிக்கொடுத்தவள் அவள் அம்மா சின்பியூமாஷின். அம்மாவும் தைங்டா மிங்கி போன்ற மந்திரிகளும் சேர்ந்து செய்த காரியம் அது என்பதே எனக்குப் படித்தவரை ஏற்புடையதாக இருக்கிறது. பழி மட்டும் அப்படியே மகள் தலையில் விடிந்தது.

மி கின்ஜி விஷயம் அப்படிக் கடந்துபோக முடியாதது. அரண்மனைப் பணிப்பெண், தீபோ அவள்மேல் ஆசைப்பட்டான். மிண்டோனுக்கு ராணிகளே டஜன் கணக்கில். அந்த வழக்கத்தில் வந்த அரண்மனையில் "எனக்கு மட்டும்தான் இந்தப் புருஷன்" என்று சுபயாலத் பிடிவாதம் பிடித்தாள். இதுவரை நான் அவள் பக்கம். ஆனால் மி கின்ஜி சிறைக்குப் போனாள், அப்புறம் கொல்லப்பட்டாள். அதில் இவள் கை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் நாவலில் மி கின்ஜிக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்கிறேன். அவளும் இளம்பெண்தான், அவளுக்கும் பயம் இருந்திருக்கும், அவளும் மல்லிகை வைத்திருப்பாள். அந்த அத்தியாயத்தில் சுபயாலத்தை நியாயப்படுத்த நான் ஒரு வரி எழுதவில்லை. வட்டப்பாறை அம்மன் முன்னால் நின்று அந்த முடிவை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டேன். ஒருத்தியைப் புரிந்துகொள்வதற்காக இன்னொருத்தியை மறக்கக் கூடாது.

திரும்பி வரும்போது ராயபுரத்தில் இறங்கி, ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிளாஸ்க்கும் பிளாஸ்டிக் கூடையுமாக அம்மாக்களும் மாமியார்களும். ஒரு பெரியவர் புது டவலை உதறி மடித்து, திரும்ப உதறி மடித்துக்கொண்டே இருந்தார்.

ஐந்தாம் நாள், மறுபடியும் பெரியம்மா வீடு

ராத்திரி ரயில். பகலில் எங்கேயும் போகவில்லை. இதுவரை எழுதியதைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பெரியம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். முகச்சுளிப்பு இருந்தது, ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

அரண்மனையிலிருந்து கிளம்புகிற இடத்தில் ங்கா மௌக் மாணிக்கக்கல் கதை வரும். ஆங்கிலேயர் தரப்பு அதிகாரி கர்னல் ஸ்லேடன் வாங்கிப் பார்த்தவர் திருப்பித் தரவே இல்லை என்று தீபோ பின்னாளில் முறையிட்டு வந்தார். அதைப் படித்ததும் பெரியம்மா கீரையைக் கீழே வைத்தார். "ரங்கூன்ல கப்பல் ஏறும்போது என் காதுல கெடந்த தோட்டைக் கழட்டி வாங்கிட்டாங்கடி. அரைப் பவுனு. அம்மா வேப்பங்குச்சி சொருகி விட்டாங்க, தூர்ந்திடக் கூடாதுன்னு. இங்க வந்து ரெண்டு வருஷம் குச்சியோடதான் ஸ்கூலுக்குப் போனேன்." இதை எனக்கு இதுவரை சொன்னதில்லை. தோடு போட்டிருந்த காதைத் தன்னை அறியாமல் தொட்டுக்கொண்டார்.

அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. திடீரென்று கேட்டார்:

"அது சரி, இங்க வந்து பிள்ளை பெத்தாளே, அவளுக்கு யாருடி பத்தியம் போட்டா?"

நான் படித்துக் காட்டிய ஐந்து அத்தியாயத்தில் பீரங்கி எழுதியிருந்தேன், ஒப்பந்தம் எழுதியிருந்தேன், மாணிக்கக்கல்லின் நிறத்தை எழுதியிருந்தேன். பிரசவத்துக்கு மறுநாள் அவள் என்ன சாப்பிட்டாள் என்று எழுதவில்லை. யோசிக்கவே இல்லை.

"ராஜ வீட்டுப் பிரசவம் பெரியம்மா, செவிலித்தாய் எல்லாம் இருப்பாங்க" என்றேன்.

"அரண்மனையே போயிடுச்சு, செவிலி எங்கேருந்து வருவா? பர்மாக்காரிங்க பிள்ளை பெத்தா உடம்பு பூரா மஞ்சள் பூசிக்குவாங்க. எங்க தெருவுல பார்த்திருக்கேன். நம்மளும் பூசுறோம். ஒரு மருத்துவச்சியைப் போடு. ராயபுரத்துக்காரியா போடு."

அப்படித்தான் என் நாவலுக்குள் ஒரு மருத்துவச்சி வந்தாள். முழுக்க முழுக்க என் கற்பனை, இல்லை, பெரியம்மாவின் கற்பனை. அவள் ஓலைக்கூடையில் மஞ்சள், சுக்கு, பூண்டு, கருப்பட்டி. ராணிக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு பர்மியம் தெரியாது. கூடையில் இருந்த விரலி மஞ்சளைப் பார்த்ததும் ராணி தன் மொழியில் அதன் பெயரைச் சொல்கிறாள். மருத்துவச்சி தலையாட்டிவிட்டு அம்மியைத் தேடுகிறாள். யார் கொடுப்பதையும் சோதிக்காமல் வாயில் வைக்காத பெண் சுபயாலத். அரண்மனை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது. அதனால் கிண்ணத்தை முதலில் மருத்துவச்சியிடமே நீட்டுகிறாள். மருத்துவச்சி முகம் சிவந்து, ஒரு வாய் தின்று காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறாள்.

மத்தியானம் உட்கார்ந்து அதை ஒரே மூச்சில் எழுதிப் படித்துக் காட்டினேன். ஏப்ரலில் ரத்னகிரிக்குக் கப்பல் ஏறும்வரை கொண்டுவந்துவிட்டேன். குழந்தைக்கு அப்போது ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான். தீபோ 1916இல் ரத்னகிரியிலேயே இறந்தார். அவள் 1919இல் ரங்கூன் திரும்பி, 1925இல் அங்கே கண் மூடினாள். மாண்டலேயை மறுபடி பார்க்கவில்லை. அதெல்லாம் இனிமேல்தான் எழுத வேண்டும்.

பெரியம்மா கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, கூடையில மீனே இல்லையேடி. பூண்டும் கருப்பட்டியும் மட்டும் குடுத்தா பால் எப்படி ஊறும்? ராயபுரத்துக்காரி பால்சுறா இல்லாம வருவாளா? அவிச்சு உதிர்த்து, பூண்டு நெறையப் போட்டு, புட்டா கிண்டிக் குடுப்பா" என்றார்.

நேற்று காசிமேட்டில் அந்த அம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. நோட்டைத் திறந்து, தேக்கு இழையை நகர்த்தி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். மருத்துவச்சியின் கூடையில் இப்போது இரண்டு பால்சுறா இருக்கிறது. பெரியம்மா உள்ளே எனக்கு ரயிலுக்குச் சோறு கட்டிக்கொண்டிருக்கிறார், பூண்டு தாளிக்கிற வாசனை வருகிறது.